துரை சொன்ன ‘நாம்’

சென்ற மாதம் தமுக்கம் மைதானத்தில் நடந்த ஒரு நற்செய்திக் கூட்டத்துக்கு பழைய மொழிபெயர்ப்பாளன் என்று என்னை அழைத்துப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பேச வந்தவர் அமெரிக்கர். மொழிபெயர்த்தவர் நம்மூர்த் தம்பி. அவர் ஒரு கையைத் தூக்கினால் இவர் இரண்டு கையையும் தூக்கினார். அவர் ஒரு முறை துள்ளினால் இவர் மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினார். வயசுக் கோளாறு என்று பொறுத்துக்கொண்டேன். ஒரே ஒரு இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்தவர் தம் நாட்டின் பெருமையைப் பேசிக்கொண்டே போய், ‘உலகத்துக்கு வழிகாட்ட ஆண்டவர் தெரிந்தெடுத்த தேசம்’ என்று சொல்ல, தம்பி அதற்கு முன்னால் ஒரு ‘நாம்’ போட்டுவிட்டார். மைதானமே கை தட்டியது.

கூட்டம் முடிந்ததும் அந்தத் தம்பியே என்னிடம் வந்தார். “ஐயா, உங்க காலத்துல மைக்கு இல்லாம எப்படிச் சமாளிச்சீக?” என்று கேட்டார். “தொண்டை இருந்துச்சு தம்பி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்தப் பதில் போதாது என்று பட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஆங்கிலத்தில் ‘வி’ என்று ஒரே சொல். நமக்கு இரண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, விட்டுவிட்டால் ‘நாங்கள்’. குழந்தைகூட இதில் தடுமாறாது. ஆனால் ஒருவர் வாய் மூடுவதற்குள் தன் வாயைத் திறக்க வேண்டிய மொழிபெயர்ப்பாளன், ஒவ்வொரு ‘வி’க்கும் யார் உள்ளே யார் வெளியே என்று தானே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். என் உத்தியோக காலமெல்லாம் இந்தத் தீர்ப்புச் சொல்வதிலேயே போய்விட்டது.

நான் வேலை பார்த்த மிஷன் அமெரிக்கக்காரர்களுடையது. சிறிய மிஷன், இன்று அது இல்லை, பெயர் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. திருமங்கலம் சாலையில், இப்போது திருநகர் வீடுகள் நிற்கிற இடத்துக்குச் சற்று இப்பால், ஒரு ஆலயம், ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், விடுதி, வேப்பமரங்கள். சுற்றிலும் புன்செய்க் காடு. என் அப்பா அங்கே உபதேசியார். பள்ளியை முடித்துவிட்டு, பழைய மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்குப் பின்னால் கூட்டத்துக்குக் கூட்டம் அலைந்து தொழிலைக் கற்றுக்கொண்டேன்.

தொழிலுக்குச் சில சட்டங்கள் இருந்தன. துரைக்கு அரை அடி பின்னால் நிற்க வேண்டும். அவர் சிரிக்காமல் நாம் சிரிக்கக் கூடாது. ‘துரை சொல்கிறார்’ என்று ஒட்டுப் போடக் கூடாது, அவர் ‘நான்’ என்றால் நமக்கும் ‘நான்’தான். இதனால் கல்யாணம் ஆகும் முன்பே, “நானும் என் மனைவியும் கப்பலில் வந்தபோது” என்று ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறேன். வில்லாபுரம் அப்போது கிராமம். அங்கே ஒரு பெரியவர் என் அப்பாவிடம், “மகனுக்குக் கப்பல்லயே கல்யாணத்த முடிச்சுட்டீகளாம், ஒரு வார்த்த சொல்லலையே” என்று முறுக்கிக்கொண்டார்.

இன்னொரு சட்டம், ஜெபத்தில் ‘நாம்’ கூடவே கூடாது. புதிதாக வந்த ஒரு ஊழியர், “ஆண்டவரே, நம்முடைய பாவங்களை மன்னியும்” என்று உருகி வேண்டினார். ஆண்டவரையும் சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீரே ஐயா என்று அவரை வெகுநாள் கேலி செய்தோம். எங்கள் மிஷனில் எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை அது.

நான் தனியாக மேடையேறத் தொடங்கிய காலத்தில் ஹார்மன் துரை வந்து சேர்ந்தார். ஐரோப்பாவில் நடந்த முதல் பெரிய யுத்தத்தில் சிப்பாயாக இருந்தவர். ஆறடிக்கு மேல் உயரம். காலையில் பங்களா முற்றத்தில் சாக்கில் மணலைக் கட்டித் தொங்கவிட்டு, கையில் உறை மாட்டிக்கொண்டு அதைக் குத்துவார். பால் ஊற்ற வருகிறவர்கள் செம்பை வைத்துவிட்டு நின்று பார்ப்பார்கள். வந்த சில வாரத்திலேயே சுற்றுப்பட்டி முழுக்க அவருக்குக் ‘குஸ்தித் துரை’ என்று பெயர் விழுந்துவிட்டது. அதை நான் அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது மிகவும் சந்தோஷப்பட்டார்.

அவருக்கு ஒரு மனக்குறை உண்டு. தம் நாட்டில் ஆலயமெல்லாம் பெண்கள் கூட்டமாகிவிட்டது, மெல்லிய பாட்டு, மெல்லிய போதகர், ஆண்கள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்பார். ஆண்கள் தளர்ந்தால் சபை தளரும், சபை தளர்ந்தால் தேசம் தளரும் என்பது அவருடைய கணக்கு. இயேசு தச்சர், மரம் அறுத்த கை, சாட்டையைச் சுழற்றி வியாபாரிகளைத் துரத்திய கை என்று சொல்லும்போது தம் சட்டைக் கையை மேலே சுருட்டிவிடுவார். பிரசங்க மேடைக்கு ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் அவர் நாட்டுக் கொடி. அவர் மனசில் சிலுவையும் கொடியும் முறுக்கேறிய கையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரிந்திருக்காது. ஆனால் கள்ளமில்லாத மனுஷர். எந்தக் குடிசைக்குள்ளும் குனிந்து நுழைந்து தரையில் உட்காருவார். அதற்காகவே அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

அவர் வாயில் ஓயாமல் வந்த வார்த்தை, ‘ஆணாக இருங்கள்’ என்பது. பழைய மிஷன் தமிழில் அதற்குப் ‘புருஷராயிருங்கள்’ என்று சொல்வது வழக்கம். நானும் படித்த மிதப்பில் அப்படியே போட்டேன். அவனியாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு களத்துமேட்டில் சாயங்காலக் கூட்டம். முக்கால்வாசி பெண்கள். “புருஷராயிருங்கள்!” என்று நான் முழங்கியதும் முதலில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிறகு களமே குலுங்கியது. எங்கள் மிஷனில் வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுகிற ஞானம்மாள் அக்கா எழுந்து, “தம்பி, வீட்டுக்கு ஒரு புருஷனையே எங்களால மேய்க்க முடியல. துரை வேற எல்லாரையும் புருஷனா இருக்கச் சொல்றாகளே, நாங்க எங்கிட்டுப் போக?” என்றார். துரை என்னைப் பார்த்தார். இரண்டு வகை ஆண் இருக்கிறது, நான் தப்பான ஆணைச் சொல்லிவிட்டேன் என்றேன். அன்றிலிருந்து ‘ஆண்பிள்ளை’ என்று மாற்றிக்கொண்டேன்.

ஆலயத்தில் ஒரு படம் மாட்டியிருந்தது. தாழ்ந்த கண்ணும் நீள முடியும் உள்ள சாந்தமான இயேசு. இது பெண்பிள்ளை முகம், இதைப் பார்த்து எந்த ஆண் வருவான் என்று துரை அதைக் கழற்றச் சொன்னார். கழற்றியதை வாங்கிக்கொண்டவர் ஞானம்மாள் அக்கா. “அந்த முகத்தப் பாத்துத்தான் தம்பி நான் வந்தேன். அடிச்சவுகள நான் நெறையாப் பாத்துட்டேன். அடி வாங்குனவுக ஒருத்தர் வேணுமேன்னுதான் வந்தேன். துரைகிட்டச் சொல்லு” என்றார். சொன்னேன். துரை முகம் சிவந்தது. ஆனால் படம் திரும்ப ஏறவில்லை.

துரை தேடிய ஆண்பிள்ளை அவருக்குக் கிடைத்தான். தாசையா, எங்கள் பள்ளியின் டிரில் வாத்தியார். கப்பலூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், கருங்காலி உடம்பு. துரை அவனுக்குக் குத்துச்சண்டை பழக்கினார். இருவரும் முற்றத்தில் இறங்கினால் விடுதி முழுக்கச் சுற்றி நிற்கும். “கையைத் தூக்கு! கையை மேலே வை, தாசையா!” என்று துரை கத்திக்கொண்டே இருப்பார், முகத்தைக் காக்க இரண்டு கையும் எப்போதும் மேலே இருக்க வேண்டும் என்பது அந்த வித்தையின் முதல் பாடமாம். தம் நாட்டுக்கு எழுதும்போதெல்லாம் அவனைப் பற்றித்தான் எழுதுவார். தாசையா என்னை அண்ணே என்பான், நான் அவனை மாப்ள என்பேன். எங்களுக்குள் உறவு ஒன்றும் கிடையாது, பழக்கம்தான்.

ஆனி மாதத்தில் துரை நாட்டுச் சுதந்திரத் திருநாள் வரும். கொடியேற்றி, எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்து, தம் முன்னோர் இங்கிலாந்து ராஜாவை எதிர்த்த கதையைச் சொல்வார். வருஷா வருஷம் அதே கதைதான். ஆனால் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த அந்த வருஷம் அது வேறு கதையாகக் கேட்டது. “எங்களைக் கேட்காமல் போட்ட வரியை நாங்கள் கட்ட மாட்டோம் என்றோம். தேயிலையைக் கடலில் கொட்டினோம்” என்று நான் சொல்லச் சொல்ல, மைதானத்தில் ஒரு சலசலப்பு. கடைசியில் துரை மேஜையைத் தட்டி, “தன் தேசத்தை நேசித்து அதற்காக எழுந்து நிற்காதவன் இன்னும் ஆண்பிள்ளை ஆகவில்லை” என்றார். நானும் தட்ட வேண்டிய இடத்தில் தட்டினேன்.

கூட்டத்தைக் கண்காணிக்க வந்திருந்த ஏட்டு என்னை ஓரமாக அழைத்தார்.

“வரி கட்ட மாட்டோம்னீகளே, யாருங்க அந்த ‘நாங்க’?”

“துரை நாட்டுக்காரங்க.”

“பேசுனது நீங்கதான?”

“வாய் என்னது. பேச்சு அவுகளது.”

“அந்த வாயக் கொஞ்சம் பாத்து வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டுக் கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு போனார்.

 தாசையா போகும்போது, “அண்ணே, துரை இன்னைக்குப் பேசுன பேச்சு அம்புட்டும் நெசம். வாரேன்” என்றான். சில நாள் கழித்து, துரையும் நானும் ரயிலடியிலிருந்து மோட்டாரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஆற்றைக் கடந்து போக வேண்டிய ஒரு வேலை இருந்ததால் சிம்மக்கல் வழியாக வந்தோம். அங்கே சீமைத் துணிக் கடை முன்னால் மறியல். கதர்ச் சட்டை போட்டவர்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில், எல்லாரையும்விட ஒரு தலை உயரமாக, எங்கள் தாசையா.

போலீஸ் தடியோடு இறங்கியது. முதல் அடி அவன் தோளில் விழுந்தது. துரை மோட்டாருக்குள் பாதி எழுந்துவிட்டார். “கையைத் தூக்கு! தாசையா, கையைத் தூக்கு!” என்று முற்றத்தில் கத்துகிற அதே குரலில் ஆங்கிலத்தில் கத்தினார். அவன் காதில் விழுந்தது. திரும்பி எங்களைப் பார்த்தான். அங்கே நின்ற எந்தப் போலீஸ்காரரையும் ஒரே குத்தில் சாய்க்கக்கூடியவன், இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான். அடுத்த அடி தலையில் விழுந்தது. துரை முகத்தைக் கையால் மூடிக்கொண்டார்.

வெள்ளைக்கார சர்க்கார் அனுமதி கொடுத்தால்தான் அமெரிக்கத் துரைமார் இங்கே இருக்க முடியும். எங்கள் ஆட்கள் அரசியலில் இறங்க மாட்டார்கள் என்று மிஷன் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்திருந்தது. ஆகவே தாசையாவுக்கு விசாரணை வந்தது. போனால் வேலை மட்டுமல்ல, காம்பவுண்டில் அவனும் அவன் தாயாரும் இருந்த வீடும் போய்விடும். வேறு எந்த மிஷன் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது.

துரையின் அலுவலக அறை. தலையில் கட்டோடு தாசையா நின்றான். அவனுக்கு நல்ல ஆங்கிலம் வரும். ஆனாலும், “நான் தமிழ்லதான் பேசுவேன். அண்ணன் சொல்லட்டும்” என்றான். ஆகவே அன்று இரண்டு பேருக்கும் ‘நான்’ சொல்ல வேண்டியவன் நானானேன்.

மிஷனின் வாக்குறுதியைப் பற்றித்தான் துரை முதலில் கேட்டிருக்க வேண்டும். அவர் கேட்டது வேறு. “நீ ஏன் திருப்பி அடிக்கவில்லை?”

தாசையா தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டான். “நீங்க பழக்குன கை ஐயா. அது தானா மேல வருது. ஒவ்வொரு அடிக்கும் வருது. அதக் கீழ பிடிச்சு வைக்கத்தான் எனக்கு அம்புட்டு பலமும் வேண்டியிருந்துச்சு. உங்ககிட்ட மல்லுக்கட்டுன எந்த நாள்லயும் நான் அப்படி வேர்த்துப் போகல” என்றான்.

‘நான்’ என்று தொடங்கி அதை ஆங்கிலத்தில் சொன்னேன். துரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு இருமிக்கொண்டு, மிஷன் கமிட்டிக்காரராக மாறி, “வி அரசியலில் தலையிடுவதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். வி அதைக் காப்பாற்றியாக வேண்டும்” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் வாய் திறப்பதற்குள் தாசையா கையைக் காட்டித் தடுத்தான். “இருங்கண்ணே. துரைகிட்ட ஒண்ணு கேளுங்க. இப்பச் சொன்ன ‘வி’, அது நாமா, நாங்களா?”

என் தொழிலில் அதுவரை அந்தத் தீர்ப்பை நானேதான் சொல்லி வந்தேன். அன்று என்னால் முடியவில்லை. துரையிடம் விளக்கினேன். தமிழில் இரண்டு ‘வி’ இருக்கிறது, ஒன்றில் இவன் உண்டு, மற்றதில் இவன் இல்லை, நீங்கள் சொன்னது எது என்று கேட்கிறான் என்றேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்தும் இது தமக்குத் தெரியாதே என்று துரை திகைத்தார். தாம் பேசிய எல்லா ‘வி’க்கும் நான் என்ன போட்டேன் என்று கேட்டார். இடத்தைப் பார்த்துப் போட்டேன் என்றேன்.

“தேயிலைக் கதைக்கு?”

“நாங்கள்.”

“ஆண்டவரின் பிள்ளைகள் என்பதற்கு?”

“நாம்.”

அவர் தாசையாவைப் பார்த்தார்.  “யோசிக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னார். அந்த வார முடிவில் கமிட்டி தாசையாவை நீக்கியது. துரை கையெழுத்துப் போட்டார். சபையில் ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. மாட்டு வண்டியில் சாமான் ஏற்றியபோது கூட நின்றது ஞானம்மாள் அக்காவும் நானும்தான். வேப்பமரத்தடியில் அவன் தாயார் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்.

தாசையா கெட்டுப்போகவில்லை. கொஞ்ச காலம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தான். டவுனில் வியாபாரிகள் நடத்திய ஒரு பள்ளிக்கூடம் அவனை டிரில் வாத்தியாராக எடுத்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் ஆலயத்துக்கு வருவான், கடைசி பெஞ்சில் உட்காருவான், துரை கைகுலுக்க வாசலுக்கு வருவதற்குள் போய்விடுவான்.

துரைதான் மாறினார். மணல் சாக்கு கிழிந்தது, வேறு சாக்கு கட்டவில்லை. மறு வருஷம் திருநாளுக்குக் கடலை மிட்டாய் மட்டும் வந்தது, கதை வரவில்லை. ஒரு காலையில் ஞானம்மாள் அக்கா யாரையும் கேட்காமல் பழைய படத்தைக் கொண்டுவந்து பழைய ஆணியிலேயே மாட்டினார். துரை பார்த்தார், கழற்றச் சொல்லவில்லை. பிரசங்கத்துக்கு நடுவில், ‘வி’ என்று தொடங்கிவிட்டு, திடீரென்று என் பக்கம் திரும்பி, “இது எது?” என்று மெல்லக் கேட்பார். “உள்ளே” அல்லது “வெளியே” என்பேன். தலையாட்டிவிட்டுத் தொடர்வார். மேடையிலேயே துரைக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சண்டை என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். அந்த நாட்களை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அரை அடி பின்னால் நின்று நின்று ஒரு மனுஷரின் முதுகை எனக்கு நன்றாகத் தெரிந்துபோயிற்று. கேள்வி அவருக்குள் கிடந்து புரள்வது அந்த முதுகிலேயே தெரியும்.

இந்தியாவுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சற்று முன்னால் துரை ஓய்வு பெற்றுத் தம் ஊருக்குப் புறப்பட்டார். முந்தின நாள் வேப்பமரத்தடிக்கு என்னை அழைத்தார். “சாலமன், குற்றம் எங்களுடையது மட்டும் என்றால் எது?” என்று கேட்டார்.

“நாங்கள்.”

“இங்கே எல்லாரும் சேர்ந்து வாழ்ந்தோம் என்று சொல்ல?”

“நாம்.”

சாயங்காலம் முழுக்க அதை முணுமுணுத்துக்கொண்டே மரத்தைச் சுற்றி நடந்தார். ‘ள்’ வராது, ‘நாங்கல், நாங்கல்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் பள்ளி மைதானத்தில் வழியனுப்புக் கூட்டம். தாசையாவும் வந்திருந்தான், காதோரம் நரை. துரை எழுந்தார். வழக்கம்போல நான் பின்னால் போய் நின்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். தொப்பியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, முதல் முறையாக ஒரு கூட்டத்தில் தமிழில் பேசினார்.

“நாம் தாசையாவுக்குத் தவறு செய்தோம். நாங்கல் இங்கே சந்தோஷமாக இருந்தோம்.”

பதற்றத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டார். குற்றத்தில் மைதானத்தையே உள்ளே இழுத்துவிட்டு, சந்தோஷத்தை மட்டும் தமக்கே வைத்துக்கொண்டார். ஜெபத்தில் ஆண்டவரைக் குற்றவாளியாக்கிய ஊழியர் ஞாபகம் எல்லாருக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் ஒருத்தரும் சிரிக்கவில்லை. பெஞ்சுகளில் தலைகள் குனிந்தன. பழக்க தோஷம், திருத்துவதற்காக நான் பாதி எழுந்துவிட்டேன்.

“உக்காருங்கண்ணே” என்று பின்னாலிருந்து தாசையாவின் குரல் வந்தது. “நாம்னே இருக்கட்டும்.”

எழுந்து நடுவழியாக முன்னே வந்தான். துரை தொப்பியைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையும் தொங்க, அப்படியே நின்றார். தாசையா அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டான். துரைக்குக் கண்ணீர் வழிந்தது, அவர் அதை மறைக்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, “என்ன சொன்னான்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஆங்கிலத்தில் இருப்பது ஒரே சொல். “‘வி’ என்று சொன்னான்” என்றேன்.

“எந்த ‘வி’?”

“உள்ளே” என்றேன்.